எந்த மாசம் நெல்லு தீரும்?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். வரும் தை மாதம் கோயில் கும்பாபிஷேகம். அதையொட்டி ஒரு மலர் கொண்டுவருகிறோம். எண்பதைத் தாண்டியவர்கள் எங்கள் தெருக்களில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம், புகைப்படத்தோடு அவர்கள் வாழ்க்கையை எழுத ஆசை. போனில் பதிவு செய்து பார்த்தேன். பெரியப்பா ஒருவர், "என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம், இப்ப இருக்கோம்" என்று முடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் அவர் மகனே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டார். வயதும் குழப்பம், ஆதாரில் ஒன்று, வாயில் ஒன்று. எப்படிக் கேட்பது, எதை எழுதுவது?

ச.

அன்புள்ள ச.,

பெரியப்பா மழுப்பவில்லை. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் யாருக்குமே அதற்கு மேல் வாய் வராது. வேலையைக் கேளுங்கள். தண்ணீர், நாற்று, கூலி, அளவு, மாடு, கடன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், நீங்கள் எழுத நினைப்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

"கஷ்டப்பட்டோம்" என்றாரே, அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். "எந்த மாசம் வீட்ல நெல்லு தீரும்?" என்று கேளுங்கள். உங்கள் பக்கம் கடைமடை. தண்ணீர் பிந்தி வந்து சேரும், பல ஊரில் சம்பா ஒன்றுதான். அது களத்துக்கு வர தை ஆகிவிடும். நடவும் களையும் முடிந்து, அடைமழையில் வேலையும் இல்லாமல் கிடக்கிற கார்த்திகையும் மார்கழியும்தான் குதிர் காலியாகிற மாதங்கள். "அப்ப என்ன ஆக்குனீங்க?" வயல் நண்டு, நத்தை, கீரை, கொட்டிக்கிழங்கு என்று ஒரு பட்டியல் வரும். "யார் வீட்ல நெல்லு கடன் வாங்குனீங்க? ஒரு கலம் வாங்கினா அறுத்ததும் எவ்வளவு அளக்கணும்?" இந்த நான்கு கேள்விக்குப் பிறகு கஷ்டம் என்கிற சொல்லையே நீங்கள் அச்சில் போட வேண்டியிருக்காது.

தண்ணீரையும் இதே மாதிரி. எந்த வாய்க்கால், எந்த மடை, முறை எத்தனை நாளைக்கு ஒருதரம், ராத்திரி யார் காவல் கிடந்தது, மேல்மடைக்காரனோடு சண்டை வந்தால் யார் தீர்த்து வைத்தது. கிராம வரைபடத்தின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். ஆனால் அதை அவர் முன்னால் விரிக்க வேண்டாம். தரையில் ஒரு குச்சியால் அவரையே வாய்க்காலைக் கோடு போடச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பட்டா எண் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வயலுக்கும் வாயில் வழங்கும் பெயர் தெரியும். அந்தப் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை, ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் பேச்சு மாறும். ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய மரக்கால் ஒன்று கிடக்கும். அதையும் கொஞ்சம் நெல்லையும் கொண்டுபோய் வைத்து, அளந்து காட்டச் சொல்லுங்கள். அவர் "ஒண்ணு" என்று தொடங்க மாட்டார், "லாபம்" என்றுதான் தொடங்குவார். பிறகு ரெண்டு, மூணு. அந்தக் குரலும் ராகமும் பதிவில் இருக்க வேண்டும். அப்போதே கேட்டுவிடுங்கள்: குவித்து அளப்பதா, தலை வழித்து அளப்பதா? பண்ணைக்கு அளக்கும்போது எப்படி, கூலி அளக்கும்போது எப்படி? உள்ளே வாங்க ஒரு மரக்கால், வெளியே கொடுக்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த கதை டெல்டாவில் பல ஊரில் சொல்வார்கள். உங்கள் ஊரிலும் உண்டா என்பது இந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடும். மரக்கால் கையில் இருக்கும்போதே தலை வழித்து எத்தனை லிட்டர் கொள்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது வாய்ப்பாடு. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும். லிட்டர் கணக்கு இல்லாமல் "கூலி அரை மரக்கால்" என்று மட்டும் எழுதினால், இருபது வருடம் கழித்துப் படிக்கிறவனுக்கு அது வெறும் சத்தம்.

நிலக் கணக்குக்கும் அடிக்குறிப்பு தேவைப்படும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். அவர் மாவில் சொன்னால் மாவிலேயே எழுதுங்கள். ஏக்கர் அடைப்புக்குறிக்குள் போதும்.

நெல் ரகம் கேட்கும்போது பெயரைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தது உங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் இருந்துகொண்டுதான். அதனால் காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, குடவாழை என்று ஆளுக்கு ஒரு கதிர் வாங்குவது உங்களுக்குக் கஷ்டமில்லை. பெயர் சொல்லாமல் பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள். எது வெள்ளத்தில் நின்றது, எது சாய்ந்தது, எதன் வைக்கோலை மாடு விரும்பித் தின்றது, எது பழைய சோற்றுக்கு ஆகும் என்று வரிசையாக வரும். ஆடுதுறை 27 வந்த காலத்தையும் கேளுங்கள். 1960-களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் பரவிய நெல் அது, 105 நாளில் அறுவடை. "ஏடிடி 27" என்றாலே பலருக்கு முதல் யூரியா மூட்டையும் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் அடியுரம் என்ன, எத்தனை வண்டி எரு, எந்த மரத்துத் தழை?

இனி வயது. ஆதாரை ஒதுக்கி வையுங்கள். பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்கு அதில் ஏறியது ஒரு உத்தேசக் கணக்கு. ஜாதகம் எழுதிய நோட்டு இருந்தால் தமிழ் வருஷம், மாதம், நட்சத்திரம் இருக்கும். வெகுதானிய வருஷம் 1938 சித்திரையில் பிறந்தது, ஆனால் "வெகுதானிய வருஷம் தை மாசம்" என்றால் அது 1939 ஜனவரி–பிப்ரவரி. பெரும்பாலானவர்கள் இங்கேதான் ஒரு வருடம் தவறுகிறார்கள். ஒரு மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வரும், கிழமையும் தெரிந்தால் தேதியே கிடைத்துவிடும். ஜாதகம் இல்லையென்றால் தாலுகா அலுவலகத்துப் பழைய பிறப்புப் பதிவில் தேடிப் பார்க்கலாம். அதில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இருக்காது, தகப்பன் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் ஊரறிந்த நிகழ்ச்சிகள் இருக்கின்றன. உங்கள் பக்கம் முக்கியமான முளைக்குச்சி 1952 புயல், நந்தன வருஷம் கார்த்திகை. "அந்தப் புயலப்ப மூத்தவன் வயித்துல, ஆறு மாசம்" என்று ஒரு பாட்டி சொன்னால் மூத்தவர் 1953 பிப்ரவரி, மார்ச்சில் பிறந்திருக்க வேண்டும். ஆனால் 1955-லும் தஞ்சைக் கரையில் ஒரு பெரும்புயல், அதுவும் கார்த்திகையில்தான். இரண்டும் நினைவில் ஒன்றாகிவிடும். முதலாவது ராஜாஜி காலம், இரண்டாவது காமராசர் காலம். அரசியல் பிடிபடாதவரிடம் "பண்ணையாள் சட்டம் வந்த வருஷமா, அதுக்குப் பொறவா?" என்று கேட்டுப் பார்க்கலாம், அந்தச் சட்டம் 1952. அடுத்த குச்சி நயா பைசா, 1957 ஏப்ரல். கல்யாணத்துக்கு மொய் அணாவில் வந்ததா பைசாவில் வந்ததா என்று கேட்டால் முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். பிறகு 1964 தனுஷ்கோடிப் புயல், 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்தது, 1977 நாகப்பட்டினம் புயல். வீட்டில் பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது இருந்தால் அதில் பசலி, அதாவது வருவாய்க் கணக்கு வருடம், இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்குகிற ஜூலையின் ஆங்கில வருடம். பசலி 1362 என்றால் 1952 ஜூலை முதல் 1953 ஜூன் வரை. இத்தனைக்குப் பிறகும் ஒரு வருடம் முன்பின் இருந்தால் "1937 அல்லது 38" என்றே அச்சிடுங்கள். துல்லியமாகக் காட்டுவதற்காக ஒரு தேதியை உண்டாக்க வேண்டாம்.

பெண்களிடம் தனியாகத்தான் பேச வேண்டும். மகனோ பேரனோ திண்ணையில் இருந்தால் பாட்டி அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை ஆண்கள் இல்லாத நேரம். உங்கள் அக்காவோ அத்தையோ உடன் வந்தால் இன்னும் நல்லது. சும்மா உட்கார வைத்துக் கேட்பதைவிடக் கீரை ஆய்கிற நேரத்தில், புளி கொட்டை எடுக்கிற நேரத்தில் கேளுங்கள். "எத்தனை பிள்ளை?" என்றால் உயிரோடு இருப்பதைத்தான் சொல்வார். "பெத்தது எத்தனை, தங்குனது எத்தனை?" என்றால் வேறு கணக்கு வரும். அந்தக் கேள்வியைப் பழகிய பிறகு, இரண்டாம் நாள் கேளுங்கள். அழுதால் பதிவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருங்கள், "அப்புறம்?" என்று தூண்டாதீர்கள். பேறுகாலத்துக்கு எத்தனை நாள் முன்னால் வரை நட்டார், எத்தனை நாள் கழித்து மறுபடி இறங்கினார், பிள்ளையை எந்த வரப்பில் ஏணை கட்டிப் போட்டார் என்பதையும் கேட்க மறக்க வேண்டாம். நடவுப் பாட்டைத் தனியாகப் பாடச் சொன்னால் வெட்கப்படுவார். கூட நட்டவர் இன்னொருவர் இருந்தால் தானாக வரும்.

ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "எங்கள் தெருக்களில் பதினான்கு பேர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் காலனியிலிருந்து எத்தனை பேர்? கோயில் மலர் என்றால் உபயதாரர் படம்தான் முதலில் வரும், நிலம் உள்ளவர் வரலாறே ஊர் வரலாறாகிவிடும். நாற்றுப் பறித்ததும் நட்டதும் அறுத்ததும் போரடித்ததும் யார்? அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பண்ணையாளா, அன்றாடக் கூலியா, வாரமா (விளைச்சலில் பங்கு), குத்தகையா என்று முதலில் பிரித்துக் கேளுங்கள், நாலுக்கும் நாலு வாழ்க்கை. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1940-களில் விவசாயிகளுக்குச் சங்கம் கட்டிய மண் உங்களுடையது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியையும் சாணிப்பாலையும் அப்பா சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருப்பார்கள். வெண்மணியும் தூரமில்லை. கூலிப் போராட்டத்தை ஒட்டி 44 பேர் எரிந்துபோன 1968 டிசம்பர் 25 அன்று உங்கள் எண்பது வயதுக்காரர்கள் இருபதுகளில் இருந்தார்கள். அந்த ராத்திரி எங்கே இருந்தீர்கள், சேதி எப்படி வந்தது, மறுநாள் வேலைக்குப் போனீர்களா என்று கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

இப்படிக் கேட்டால் பெயர்கள் வரும், அந்தப் பெயர்க்காரர்களின் பேரன்மார் அதே ஊரில் இருப்பார்கள். அதனால் பேசி முடித்ததும் "இதுல எதப் போடலாம், எது வேணாம்?" என்று அவரிடமே கேட்டு, அந்தப் பதிலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வேண்டாம் என்றதை அழிக்க வேண்டாம், அச்சில் ஏற்றாமல் இருந்தால் போதும். மலர்க்குழு வற்புறுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதிவுக்கு உங்கள் போனே போதும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், பாதிப் பதிவுகள் நடுவில் வரும் அழைப்பால்தான் போகின்றன. மடித்த துண்டின்மேல், வாயிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் வையுங்கள், கட்டிலில் வைத்தால் ஒவ்வொரு அசைவும் இடிபோல விழும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தகரக் கூரையின்கீழ் மழையில் முயற்சியே வேண்டாம். ஒரு நிமிடம் பதிவு செய்து, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வேவ் கோப்பாக வைத்தால் ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் சுமார் 320 எம்பி. வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். அவருக்குக் காது கேட்கிற பக்கம் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் இன்னும் குழறிக் கேட்கும். வெற்றிலை போட்டிருந்தால் துப்பும் வரை பொறுங்கள், போடாதே என்று சொன்னால் அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை முழுதாக எழுத ஆறு, எட்டு மணி நேரம் ஆகும். பதினான்கு பேருக்கும் அதைத் தொடங்கினால் மூன்றாவது ஆளோடு ஓய்ந்துவிடுவீர்கள். முதலில் எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று ஒரு பட்டியல் மட்டும் போடுங்கள். மலருக்கு வேண்டிய பகுதியை மட்டும் சொல் மாறாமல் எழுதினால் போதும். போனே எழுதித் தரும் வசதியை நம்ப வேண்டாம், "வாய்க்கா"வையும் "மரக்கா"வையும் அது திருத்தியோ சிதைத்தோதான் தரும்.

பக்கத்தில் "எளிமையானவர், கடின உழைப்பாளி, அன்பானவர்" என்று எழுதாதீர்கள். பதினான்கு பேருக்கும் அது பொருந்தும், யாரையும் அடையாளம் காட்டாது. எந்த வயலில், யாரிடம், என்ன கூலிக்கு, எதில் கைதேர்ந்தவர், எந்த மாடு, எந்த வருடம் நிலம் போனது அல்லது வந்தது, அரிவாள் பட்ட தழும்பு எந்தக் கையில் என்று எழுதுங்கள். படமும் வேட்டி மடிப்போடு நாற்காலியில் வேண்டாம். கை தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள்.

மலர் தையில் என்றால் ஐப்பசிக்குள் பேசி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு மழைச் சத்தம், பனி, சளி, பாதிப் பேருக்குக் குரலே எழும்பாது. தொண்ணூறைத் தாண்டியவர்கள் முதலில், அவர்களிலும் படுக்கையில் இருப்பவர்கள் முதலில். ஒவ்வொரு பதிவையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பென்டிரைவில் அந்தந்த வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள்.