டிரேக் பாசேஜ் தாண்டணும், பஸ்ல போனாலே வாந்தி வரும், என்ன பண்றது?

அண்டார்டிகா கப்பலுக்கு புக் பண்ணிட்டேன், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவுல இருக்கற டிரேக் பாசேஜ் கடலைத் தாண்டணும், பஸ்ல ஏறினாலே எனக்கு வாந்தி, மேல் டெக்ல பால்கனி கேபின் எடுத்தா காத்து வரும்ல, சரியாயிடுமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

மேல் டெக் வேணாங்க. சீசா பலகைல நடுவுல உக்காந்தவனுக்கு ஆட்டம் கம்மிதானே, கப்பலும் அப்படித்தான், கீழ் டெக்ல நடுப்பகுதி கேபின் கேளுங்க. என்ன, அலை பெருசானா அங்க ஜன்னலை இரும்பு மூடி போட்டு அடைச்சிடுவாங்க, வெளிய எதுவும் தெரியாது, அப்போ கண்ணை மூடி மல்லாக்க படுத்துடுங்க. ஃபோன் நோண்டாதீங்க. காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு ஆடுதுங்குது, கண்ணு ஆடலைங்குது, இந்த சண்டைலதான் குமட்டலே வருது.

இப்போ மெயின் விஷயம், மாத்திரை. அர்ஜென்டினாவோட தெற்குக் கோடி ஊர் உசுவாயால கப்பல் கிளம்பினதும் சில மணி நேரம் பீகிள் சேனல்ங்கற குறுகலான கடல் வழில குளம் மாதிரி அமைதியா போகும், எல்லாரும் அடடா இவ்ளோதானான்னு நல்லா சாப்பிட்டு தூங்கிடுவாங்க, நடுராத்திரி வெளிக்கடல் வந்ததும் ஆட்டம் ஆரம்பிக்கும். அந்த அட்சரேகைல உலகத்தை சுத்தி காத்தையும் அலையையும் தடுக்க நிலமே இல்ல, தாண்ட எப்படியும் ரெண்டு நாள். அதனால குமட்டலைத் தடுக்கற மெக்லிசினோ டைமென்ஹைட்ரினேட்டோ, சேனலுக்குள்ள இருக்கும்போதே போட்டுடணும். வாந்தி ஆரம்பிச்சப்புறம் முழுங்கினா அது வயித்துல தங்காது, கப்பல் டாக்டர்கிட்ட ஊசிதான்.

காதுக்குப் பின்னாடி ஒட்டற ஸ்கோபோலமைன் பேட்ச் 3 நாள் வரும், ஆனா 4 மணி நேரம் முன்னாடியே ஒட்டணும். க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்), ப்ராஸ்டேட் தொந்தரவு இருந்தா டாக்டரைக் கேக்காம தொடாதீங்க, வயசானவங்களுக்கு குழப்பமும் வரலாம். ஒட்டின கையை கழுவாம கண்ணைத் தேய்ச்சா கண் பாப்பா விரிஞ்சு பார்வை மங்கிடும். எதுவானாலும் வீட்லயே ஒரு தடவை போட்டுப் பாத்துக்கோங்க, சிலருக்கு பயங்கரமா தூக்கம் வரும்.

வெறும் வயிறா இருக்காதீங்க, பிஸ்கட், ஆப்பிள்னு கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க.

உண்மையைச் சொன்னா வாந்தியை விட எனக்கு பயம் கதவுதான். கனமான கதவு, கப்பல் சாயும்போது தானா அறையும், சட்டத்துல விரல் வெச்சிருந்தா போச்சு. கைப்பிடியை மட்டும் பிடிங்க, நடக்கும்போது ஒரு கை எப்பவும் கம்பியில இருக்கட்டும், சூடான காபியோட படி ஏறாதீங்க, ஆட்டத்துல குளிக்கவும் வேணாம், ஒரு நாள் குளிக்கலைன்னா ஒண்ணும் ஆகாது.

அப்புறம் திரும்பி வரும்போதும் இதே டிரேக்தான், மாத்திரையை மொத்தமா போறப்பவே காலி பண்ணிடாதீங்க.