சைக்கிள் கேள்வி–பதில்: ஏழாவது வளைவில் திரும்பிவிடுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. கியர் சைக்கிள் வாங்கி ஐந்து மாதமாகிறது. சமவெளியில் 40 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓட்டுகிறேன். மலை ஏறியதே இல்லை. ஜனவரியில் தோழிகளோடு ஏற்காடு ஏறத் திட்டம். அதற்கு முன்னால் ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. ஏழு நாளும் ஏலகிரி ஏறினால் பழகிவிடுமா? – ஒரு வாசகி, ஆம்பூர்.

பதில்: ஏழு நாளும் வேண்டாம் தங்கச்சி. மூன்று நாள் ஏறுங்கள், போதும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு 44 வயதிருக்கும்போது, பள்ளிக் கோடை விடுமுறையில், நீங்கள் நினைப்பது போலவே தினமும் ஏலகிரி என்று கிளம்பினேன். திங்கள், செவ்வாய், புதன் ஏறிவிட்டேன். வியாழக்கிழமை பாதி மலையில் வலது முழங்காலின் முன்பக்கம் ஊசி குத்தியது போல ஒரு வலி. இறங்கி, சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். அதன்பிறகு மூன்று வாரம் தரையில் சம்மணம் போட முடியவில்லை. சீட் இரண்டு விரற்கடை தாழ்வாக இருந்திருக்கிறது, கனமான கியரிலேயே மிதித்திருக்கிறேன், காலுக்கு ஒரு நாள்கூட ஓய்வு கொடுக்கவில்லை. மூன்றும் சேர்ந்து வந்த வினை.

அதனால் முதலில் சீட்டைப் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் சீட் தாழ்வு. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் உயரம் அதிகம்.

திங்கட்கிழமை விடிந்ததும் பொன்னேரி அடிவாரத்தில் தொடங்குங்கள். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், பாரதியார் என்று புலவர்கள் பெயரும், பாரி, காரி, ஓரி, பேகன் என்று கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். (பிரான்ஸில் ஆல்ப் துவேஸ் மலையின் 21 வளைவுகளில் அங்கே பந்தயம் வென்றவர்கள் பெயரை எழுதியிருப்பார்கள். எனக்கு நம்ம வள்ளல்களைப் பார்த்துக்கொண்டு ஏறத்தான் பிடிக்கும்.) முதல் நாள் ஏழாவது வளைவு வரைதான். மேலே போகத் தெம்பு இருக்கும், ஆசையும் இருக்கும். இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

வேகம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறீர்கள். நான் தமிழ் ஆசிரியை, என் அளவுகோல் குறள்தான். ஏறிக்கொண்டே ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏழு சீரும் தடையில்லாமல் வந்தால் வேகம் சரி. முதல் அடியின் நாலு சீருக்குள்ளேயே மூச்சு அறுந்தால் கியரைக் குறைக்க வேண்டும், அதாவது முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். அதையும் வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே செய்துவிடுங்கள். செங்குத்தில் அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கடகடவென்று இழுக்கும், சில சமயம் கழன்றும் விடும். பெடல் ஒரு நிமிடத்துக்கு 70 சுற்றாவது சுற்றட்டும். வளைவின் உள்பக்கம் ரொம்பச் செங்குத்தாக இருக்கும். பின்னால் வண்டி வரவில்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கொஞ்சம் வெளியே விலகி ஏறினால் மூச்சு மிச்சம்.

செவ்வாய் சமவெளியில் ஒரு மணி நேரம், கடைக்குப் போகிற வேகத்தில். புதன்கிழமைதான் முழு மலை. ஏறக்குறைய 700 மீட்டர் உயரம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஏற்றத்துக்கு உடம்பு 500 கலோரி அளவுக்கு எரிக்கும். கிட்டத்தட்ட பத்து இட்லி! வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கிளம்புவதற்கு முன் இரண்டு வாழைப்பழம், பாதி வழியில் கடலை மிட்டாய், பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். குரங்குகள் இருக்கிற இடத்தில் மட்டும் பையைத் திறக்க வேண்டாம்.

வியாழன் சைக்கிளைத் தொடவே வேண்டாம். ஏறும்போது செலவான சர்க்கரை தசையில் மறுபடி நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். தசை பலப்படுவதும் ஓய்வில்தான். டூர் டி பிரான்ஸ் வீரர்களுக்கே 21 கட்டப் பந்தயத்துக்கு நடுவில் இரண்டு நாள் ஓய்வு கொடுக்கிறார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் செவ்வாய் மாதிரியே. ஞாயிறு மறுபடி முழு ஏலகிரி. புதனன்று எடுத்த நேரத்தை முறியடிக்கப் பார்க்காதீர்கள். எத்தனை வளைவு வரை குறள் தடையில்லாமல் வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வளைவு கூடியிருக்கும்.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். கிட்டத்தட்ட ஏலகிரியை ஒன்றே முக்கால் தடவை ஏறுவது போல. இந்த ஒரு வாரத்தோடு நிறுத்தாமல், ஜனவரி வரை வாரம் ஒரு முறை ஏலகிரி ஏறி வந்தால் ஏற்காட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது.

கேள்வி: ஏறுவதைவிட இறங்கும்போதுதான் பயம். பிரேக்கை விடாமல் பிடித்துக் கை மரத்துவிடுகிறது, தீய்ந்த வாடையும் வருகிறது. – ஒரு வாசகர், கிருஷ்ணகிரி.

பதில்: விடாமல் பிடிப்பதால்தான் வாடை வருகிறது தம்பி. பிரேக் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டே இருந்தால் சூடு ஆற நேரமே கிடைக்காது. சூடு அதிகமானால் டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக ஓடும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போனதும் லேசாக விடுங்கள். வளைவின் பக்கம் இருக்கிற பெடல் மேலே இருக்கட்டும், இல்லையென்றால் தரையில் இடிக்கும். மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. பஸ் சத்தம் கேட்டால் ஓரமாக நின்றே விடுங்கள். கை மரத்தாலும் அப்படித்தான், நின்று விரலை மடக்கி நீட்டி, ரிம் ஆறட்டும் என்று ஐந்து நிமிடம் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அடுத்த முறை போவதற்கு முன்னால் பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். அதிலுள்ள பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.