அசோலா சிவந்துவிட்டது, கொட்டிவிடலாமா?

தயவுசெய்து கொட்டாதீர்கள். அசோலா என்பது மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்க்கும், தண்ணீரில் மிதக்கும் சின்னச் செடி. சிவந்த அசோலா செத்த அசோலா இல்லை. உங்கள் தொட்டி நாள் முழுக்க வெயிலில் கிடக்கும், உரமாகச் சாணத்தை மட்டும் கரைத்து விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் தொட்டியும் இப்படித்தான் சிவந்தது. பார்த்தவர்கள் எல்லாம் நோய் விழுந்துவிட்டது, வழித்துப் போடு என்றார்கள். அண்ணன் வாளியோடே வந்துவிட்டார். நான் விடவில்லை. ஒரு செடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நகக்கண் அளவுதான் இருக்கும். இலை விளிம்பெல்லாம் செங்கல் நிறம், நடுவில் பச்சை அப்படியே இருந்தது. அடியில் தொங்கிய வேர் வழக்கத்தைவிட நீண்டு சுருண்டிருந்தது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதாவிட்டால் அசோலா சிறுத்துச் சிவந்து வேரை இப்படி நீட்டும். அழுகியிருந்தால் பழுப்பாகிக் கொழகொழவென்று நாறியிருக்கும். அந்த வாடையே இல்லை. சரி என்று மேலே நிழல்வலை கட்டினேன். நெருக்கியடித்துக் கிடந்ததில் பாதியை அள்ளிவிட்டு, மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டைக் கொஞ்சம் கரைத்து ஊற்றினேன். அப்புறம் விட்ட தளிரெல்லாம் பச்சை.

"சாணமே போதுமே, ரசாயனம் எதற்கு?" என்று கேட்க யாராவது வருவார்கள். சாணத்தில் மணிச்சத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் தொட்டிக்கு அது போதவில்லை, அவ்வளவுதான். தழைச்சத்து (நைட்ரஜன்) என்றால் கவலையில்லை. அசோலா இலைக்குள் இருக்கும் சின்னக் குழியில் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துவிடும். மணிச்சத்து அப்படிக் காற்றிலிருந்து வராது. தண்ணீரில் இருந்தால்தான் உண்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. அசோலாவில் 25 சதவீதம் புரதம் என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறார்கள். அது காய்ந்த எடைக்கான கணக்கு. பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோவைக் காயவைத்தால் 100 கிராம்கூடத் தேறாது. அந்த 25 சதவீதத்தை நம்பி, பிண்ணாக்கு, தவிடு போன்ற அடர்தீவனத்தை மொத்தமாக நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். மாடு இளைத்துப் பால் குறைந்ததும் பழி அசோலா மேல் விழுகிறது. காய்ந்த எடையில் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல இவர்களுக்கு என்ன கஷ்டம்?