வளரும் நாடுகளில் பேரிடரைத் தாங்க எந்த மாதிரி கண்டுபிடிப்புகளுக்குக் கைகொடுக்க வேண்டும்?

புதுமை என்றதும் ட்ரோன், செயலி என்றுதான் பலருக்கும் தோன்றும். நான் நெல்லிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளத்தில் மூழ்கும் சாதாரண நெல், மூச்சு வாங்க மேலே வரவேண்டும் என்று தண்டை வேகமாக நீட்டும், அதிலேயே சேமித்த சத்தெல்லாம் தீர்ந்து சில நாளில் அழுகிவிடும். ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றில் இருந்த சப்1 மரபணு இதை அப்படியே மாற்றுகிறது: பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அசையாமல் காத்திருக்கும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். அந்த மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப்1 ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியானது, ஏறக்குறைய இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும்.

சரி, பணம் எங்கே போக வேண்டும்? ஆய்வகத்துக்கு மட்டும் கொடுத்தால் போதாது. விதையைப் பெருக்கி, விதைப்புக்கு முன்பே சிறு விவசாயியின் கைக்குக் கொண்டுசேர்க்கும் வேலைக்குத்தான் ஆளும் காசும் கிடைப்பதில்லை, எனக்கு இதில் உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

அப்புறம் வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் குறைந்தது 3,00,000 பேர் இறந்தார்கள். 2007-இல் வந்த சிடர் புயலும் கடுமையானதுதான், ஆனால் பலி சில ஆயிரங்களில் நின்றது. செயற்கைக்கோள் முன்னறிவிப்போடு, கொடி ஏற்றி, மெகாபோனில் கத்திக்கொண்டு வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களும் அதற்குக் காரணம். மாட்டை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று மக்கள் மறுத்ததால், கால்நடைகளுக்கென்றே உயரமான மண்மேடுகளும் அமைத்தார்கள். இந்த மாதிரி யோசனை ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து பேசினால்தான் கிடைக்கும், அந்தப் பேச்சுக்கும் திட்டத்தில் நிதி ஒதுக்கச் சொல்லுங்கள்.