பேட்டிங் சராசரி 0.229 மட்டுமே உள்ள ஒரு மெக்சிகோ வீரர் மேஜர் லீக் பேஸ்பாலில் 17 சீசன் எப்படித் தாக்குப்பிடித்தார்?

கேள்வி கேட்டவர் பெயரைச் சொல்லவில்லை. மெக்சிகோ, 17 சீசன், 0.229 (அதாவது நூறு முறை பேட் செய்தால் சுமார் 23 முறைதான் சரியாக அடித்து பேஸை எட்டுவார்) மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது ஹுவான் காஸ்த்ரோதான். எனக்குப் பிடித்த ஆள். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

2003ல் அலுவலக வேலையாக சின்சினாட்டியில் இருந்தேன். ஒஹையோ ஆற்றங்கரையில் ரெட்ஸ் அணிக்குப் புது மைதானம் திறந்த வருடம் அது. பேஸ்பால் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கூட வேலை செய்த ஒருவர் மெக்சிகோவின் சினலோவா மாநிலத்துக்காரர். டிக்கெட் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனார். உட்கார்ந்ததும் கையில் ஒரு ஸ்கோர்கார்டையும் பென்சிலையும் கொடுத்துவிட்டார். "சும்மா பார்த்தால் தூக்கம் வரும், எழுதிக்கொண்டே பார்" என்றார். அந்த அட்டையில் ஆளுக்குப் பெயர் இருந்தாலும் நிற்கும் இடத்துக்கு எண்தான். பந்தை எறியும் பிட்ச்சர் 1, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்காரும் கேட்ச்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. அவுட்ஃபீல்டில் 7, 8, 9.

ஏழாவது இன்னிங்ஸ் வாக்கில் ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்து இரண்டாவது பேஸுக்கு வந்தார். 4 என்று எழுதினேன். அடுத்த இன்னிங்ஸில் அதே ஆள் ஷார்ட்ஸ்டாப்பில் நின்றார். நான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று முழித்தேன். நண்பர் சிரித்துக்கொண்டே, "4-ஐ அடித்துவிட்டு 6 போடு. எங்க ஊர்ப்பக்கத்து ஆள். எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பார்" என்றார். காஸ்த்ரோவை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அன்றைய கணக்கில் ஒரு அணிக்கு 25 பேர். அதில் 12 பேர் பிட்ச்சர்கள் என்று வையுங்கள். மீதி 13. தினமும் இறங்கும் எட்டுப் பேரைக் கழித்தால் ஐந்து. அதில் ஒருவர் மாற்று கேட்ச்சர், அவரைச் சும்மா இறக்க முடியாது. ஆக, மிச்சம் நாலே நாலு பேர் ஏழு இடங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் ஒருமுறை வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் மட்டும் நிற்கத் தெரிந்தவரை வைத்துக்கொண்டு மேனேஜர் (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளருக்கு அதுதான் பெயர்) என்ன செய்வார்?

அதைவிட முக்கியம், மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அப்போது பிட்ச்சரும் பேட்டிங் செய்தாக வேண்டும். 2022லிருந்துதான் அந்த விதி நிரந்தரமாகப் போனது. பெரும்பாலான பிட்ச்சர்களுக்கு பேட்டிங் என்றால் சடங்கு மாதிரி, போய் நின்றுவிட்டு வருவார்கள். புதுப் பிட்ச்சரைக் கொண்டுவரும் நேரத்தில் வரிசையில் பிட்ச்சர் முறையும் நெருங்கிவிட்டால் மேனேஜருக்குத் தலைவலி. அப்போது 'டபுள் ஸ்விட்ச்' செய்வார். சற்று முன் பேட் செய்து முடித்த ஒரு ஃபீல்டரையும் சேர்த்து வெளியே எடுப்பார். பேட்டிங் வரிசையில் புதுப் பிட்ச்சர் அந்த ஃபீல்டரின் இடத்துக்குப் போவார், புதிதாக வரும் ஃபீல்டர் பிட்ச்சரின் இடத்துக்கு வருவார். பிட்ச்சர் முறை தள்ளிப்போய்விடும். இந்த வித்தை பலிக்க வேண்டுமானால், யாரை எடுத்தாலும் அவர் நின்ற இடத்தில் போய் நிற்க ஒரு ஆள் பெஞ்சில் தயாராக இருக்க வேண்டும். காஸ்த்ரோவின் பெரும்பாலான வருடங்கள் நேஷனல் லீகில்தான் கழிந்தன.

அவர் பிறந்தது 1972ல், சினலோவாவின் லோஸ் மோச்சிஸில். சர்க்கரை ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். உள்ளூர் அணியின் பெயரே கன்யேரோஸ், அதாவது கரும்புக்காரர்கள். 1995ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு முதலில் ஆடினார். அப்புறம் சின்சினாட்டி, மின்னசோட்டா, மறுபடி சின்சினாட்டி, பால்டிமோர், மறுபடி டாட்ஜர்ஸ், ஃபிலடெல்ஃபியா, கடைசியில் இன்னொரு முறை டாட்ஜர்ஸ். 2011ல் ஓய்வு. விட்ட அணியே திரும்பக் கூப்பிடுவது இந்தத் தொழிலில் சின்ன விஷயம் இல்லை.

அடிக்கத் தெரியாமல் கையால், அதாவது ஃபீல்டிங்கால் பிழைத்த மெக்சிகோக்காரர் இவருக்கு முன்பும் உண்டு. மரியோ மெண்டோசா, சிவாவா மாநிலத்துக்காரர், ஷார்ட்ஸ்டாப். 0.200 என்ற சராசரிக்கே 'மெண்டோசா கோடு' என்று பெயர் வைத்து அமெரிக்கா இன்றும் கேலி செய்கிறது. அவர் ஊரில் அவருக்குப் பெயர் 'பட்டுக் கைகள்'. எந்தப் பெயர் நியாயம் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

காஸ்த்ரோவின் பெயர் சரித்திரத்தில் நிற்பதும் கையால்தான். 2010 மே 29, மயாமி. ஃபிலடெல்ஃபியாவின் ராய் ஹாலடே வந்த 26 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார், ஒருவர்கூட பேஸைத் தொடவில்லை. இன்னும் ஒரே ஒருவர் அவுட் ஆனால் அது மேஜர் லீக் வரலாற்றில் 20வது பெர்ஃபெக்ட் கேம். வழக்கமாக மூன்றாவது பேஸில் நிற்கும் பிளாசிடோ போலாங்கோ அன்று அங்கே இல்லை, காஸ்த்ரோ நின்றார். கடைசியாக வந்த ரோனி பாலினோ தரையோடு அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப் பக்கமாக உருண்டது. காஸ்த்ரோ இடப்பக்கம் பாய்ந்து எடுத்தார், உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி முதல் பேஸுக்கு எறிந்தார். முடிந்தது. ஸ்கோர்கார்டில் அதற்கு 5-3 என்று மட்டும் எழுதுவார்கள்.

அந்த எறிதல் ஒரு அடி தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும். அவ்வளவு செய்தும் ஜூலையிலேயே ஃபிலடெல்ஃபியா அவரை அனுப்பிவிட்டது. சராசரி 0.200க்குக் கீழே போயிருந்தது. கை காப்பாற்றினாலும் அதற்கும் ஒரு எல்லை உண்டு போல.

2019 நவம்பரில் நடந்த, நாடுகளுக்கு இடையிலான பிரீமியர் 12 பேஸ்பால் போட்டியில் மெக்சிகோ அணிக்கு காஸ்த்ரோதான் மேனேஜர். டோக்கியோவில் நடந்த மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அமெரிக்காவை 10 இன்னிங்ஸில் 3-2 என்று வென்றார்கள். மெக்சிகோ பேஸ்பால் அணிக்கு ஒலிம்பிக் இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அன்று சினலோவா நண்பரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பழுப்பேறிய ஸ்கோர்கார்டு. 2003லிருந்து வைத்திருக்கிறார், மனிதர். ஓரத்தில் என் கோணல் கையெழுத்தில் ஒரு 4, அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 6.