பின்னோக்கி ஓடிய நாடா

மதிப்பிற்குரிய அம்மா,

பல வருடங்களாக உங்கள் எழுத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுவே முதல் தடவை. என் மகனுக்கு 16 வயது. ஆறு மாதமாக ஹெவி மெட்டல் இசையைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் ஒரு காணொளி அனுப்பினார். லெட் ஸெப்பலின் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ (சொர்க்கத்துக்குப் படிக்கட்டு) பாடலைத் தலைகீழாக ஓட்டினால் சாத்தானைப் போற்றும் வரிகள் வருகின்றன. நானே கேட்டேன், தெளிவாகக் கேட்டது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ஒரு மந்திரவாதியின் வீட்டை வாங்கியவராம். இந்தக் கூட்டத்தார் மேடையில் கொம்பு முத்திரை காட்டுகிறார்கள். சாத்தானின் சுரம் என்றே ஒன்று உண்டாம். அமெரிக்காவில் இரண்டு இளைஞர்கள் இப்படிப்பட்ட பாட்டைக் கேட்டுத் தங்களைச் சுட்டுக்கொண்டு வழக்கும் நடந்ததாம். பயந்துபோய், மகன் தூங்கிய பிறகு அவன் கைப்பேசியை எடுத்து எல்லாப் பாடல்களையும் அழித்துவிட்டேன். மூன்று நாளாக அவன் என்னிடம் பேசவில்லை. இதில் உண்மை உண்டா? நான் செய்தது சரிதானா? தயவுசெய்து என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

‘தெளிவாகக் கேட்டது’ என்கிறீர்கள். எனக்கும் தெளிவாகக் கேட்டது. 1986இல், பாளையங்கோட்டையில், என் 13ஆம் வயதில். போன மாதம் அப்பாவின் பழைய பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது மூடி உடைந்த ஒரு கேசட் கிடைத்தது. அன்றிலிருந்து அந்த நாட்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியாக அந்த நேரத்தில் வந்திருக்கிறது.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவைக்கிறேன். அந்தக் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் வீடு வாங்கியது உண்மை. ஸ்காட்லாந்தில் லாக் நெஸ் ஏரிக்கரையில் உள்ள போலஸ்கின் மாளிகை, மந்திரவாதி அலிஸ்டர் கிரௌலி ஒருகாலத்தில் வாழ்ந்த வீடு. கிரௌலியின் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் பேஜ். 1970இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில், பாட்டு முடியும் வெற்று வளையத்தில், கிரௌலியின் வாசகத்தைப் பொறிக்கவும் வைத்தார். வெறுங்கண்ணால் படிக்கும்படி எழுதவைத்த மனிதர் எதற்காகத் தலைகீழாக முணுமுணுக்க வேண்டும்? கொம்பு முத்திரையை மெட்டல் மேடைகளில் பரப்பியவர் ரானி ஜேம்ஸ் டியோ. கண்ணேறு படாமலிருக்கத் தன் இத்தாலியப் பாட்டி காட்டிய சைகை அது என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் பாட்டிமார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதில்லையா? அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

சாத்தானின் சுரத்தை மட்டும் அப்படித் தள்ள மனம் வரவில்லை. ஐரோப்பிய இசை நூல்கள் 18ஆம் நூற்றாண்டில் ஒரு சுர இடைவெளியை ‘இசையில் இருக்கும் சாத்தான்’ என்று அழைத்தன. பிளாக் சபாத் குழு 1970இல் தன் முதல் இசைத்தட்டைத் தொடங்கியது அந்த இடைவெளியில்தான். ஷட்ஜத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், அது பிரதி மத்தியமம். கல்யாணி ராகத்தின் உயிர்ச்சுரம். 72 மேளகர்த்தா ராகங்களில் சரிபாதி, 36 ராகங்கள், அதை வைத்துக்கொண்டு நிற்கின்றன. எந்தக் கல்யாண மண்டபத்தைத் தாண்டிப் போனாலும் நாதஸ்வரத்தில் அது உங்கள் காதில் விழுந்திருக்கும். அந்த இடத்தில் சாத்தான் நிற்பதாக நம் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

பிளாக் சபாத்தின் கனத்த, இருண்ட ஒலி எங்கிருந்து வந்தது என்பதும் ஊரறிந்த கதை. அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பர்மிங்காமில் தகரத் தகடு வேலை செய்யும் ஆலையில் இருந்தார். 17 வயது. வேலையை விடும் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. அம்மாதான், இன்றைய வேலையை முழுதாக முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். அன்று இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல்நுனிகளைக் கொண்டுபோனது. அவர் இடக்கைக்காரர். தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி, பின்னாளில் சுருதியையும் இறக்கி வாசித்தார். அந்த விரல்களைப் பற்றி உங்களுக்கு வந்த காணொளியில் ஒரு வார்த்தையாவது இருந்ததா?

இனி பாளையங்கோட்டை. கோடை விடுமுறையில் வாலிபர் முகாம். வெளியூரிலிருந்து வந்திருந்த சபை ஊழியர் ஒருவர் டேப் ரெக்கார்டரை மேசைமேல் வைத்தார். ஓட்டுவதற்கு முன்னால் கரும்பலகையில் ஆங்கிலத்தில் ஒரு வரியை எழுதி, அடியில் தமிழிலும் எழுதினார். பிறகு விளக்கை அணைக்கச் சொன்னார். நாடா ஓடியது. எழுதியிருந்த அதே வரி, அதே வரிசையில், எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பக்கத்திலிருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பயம் பொய்யல்ல, நண்பரே. உங்கள் பயத்தையும் நான் பொய்யென்று சொல்லவில்லை.

என் அண்ணன் அழவில்லை. பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் பதினொரு கேசட்டுகள் இருந்தன, எல்லாம் சென்னையில் நண்பர்களிடம் பதிவு செய்து கொண்டுவந்தவை. அட்டையில் பாடல் பெயர்களைப் பொடி எழுத்தில் எழுதி அடியில் கோடு போட்டிருப்பான். அன்றிரவு அவன் எடுத்தது அவற்றில் ஒன்றையல்ல. அப்பாவின் பாடகர் குழு கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடியதைப் பதிவு செய்திருந்த கேசட்டை எடுத்தான். கடிகாரத்துக்கு வைத்திருக்கும் சின்ன திருப்புளியால் ஐந்து திருகுகளையும் கழற்றினான். மூடியைத் தூக்கியதும் இரண்டு வெள்ளைச் சக்கரங்கள், பழுப்பு நாடா, மெல்லிய தகட்டில் ஒட்டியிருந்த ஒரு கம்பளித் துணுக்கு. நாடாவை அரை முறுக்கு முறுக்கிப் பொருத்தி, பென்சிலைச் செருகிக் கடைசிவரை சுற்றினான். மூடும்போதுதான் மூடி விரிசல் விட்டது.

முதலில் எதுவும் சொல்லாமல் என்னைக் கேட்கச் சொன்னான். பேச்சும் பாட்டும் நேராக ஓடும்போது ப, ட போன்ற எழுத்துகள் வெடித்துப் பிறந்து மெல்லத் தேயும். திருப்பி ஓட்டினால் ஒலி ஊதிப் பெருத்துவந்து சட்டென்று அறுந்துபோகும். ஏதோ அறியாத நாட்டு மொழி போல இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு துண்டுத் தாளில் ‘மாமி மாடு வாங்கினாள்’ என்று எழுதிக் காட்டிவிட்டு அதே இடத்தை மறுபடி ஓட்டினான். அப்பாவின் குரல், மங்கலாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல், மாமி மாடு வாங்கினாள் என்று பாடியது. அதற்குப் பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் வேறு எதுவும் என் காதில் விழவில்லை.

எங்கள் கொல்லைப்புறத்தில் நடந்ததை அதற்கு முந்தைய ஆண்டே கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜான் வோக்கி, டான் ரீட் என்ற உளவியலாளர்கள் முறையாகச் செய்து வெளியிட்டிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் 23ஆம் சங்கீதமும் இருந்தது. தலைகீழாக ஓடும் பேச்சில் ஆணா பெண்ணா, என்ன மொழி என்பதுவரை மக்களால் சொல்ல முடிந்தது. பொருளைச் சொல்ல முடியவில்லை. குழந்தைப் பாட்டா, வேதமா, சாத்தான் துதியா, விளம்பரமா என்று பிரிக்கச் சொன்னபோது குருட்டாம்போக்கில்தான் பிரித்தார்கள். இன்ன வாக்கியம் வரும் என்று முன்கூட்டிச் சொன்னவுடன் அது அவர்களுக்குக் கேட்டது. உங்கள் காணொளியில் வரிகள் திரையில் எழுத்தாக ஓடினவா? ஓடியிருக்கும். எழுத்தை மறைத்துவிட்டு, இதைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

மறுநாள் அண்ணன் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டுபோய் அப்பாவின் முன் வைத்தான். ஒரே ஒரு நிமிடம் கேளுங்கள் அப்பா என்றான். அப்பா காது கொடுக்கவில்லை. ஆலயத்து ஆர்மோனியத்தில் எந்தக் கட்டை பழுது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கும் மனிதர் அவர். மாலையில் முகாம் திடலில் தீ மூட்டினார்கள். பதினொரு கேசட்டுகளையும் அப்பா தன் கையாலேயே போட்டார். நாடா சட்டென்று எரிவதில்லை, சுருங்கி, புழுவைப் போல நெளிந்து உருகுகிறது. அந்த நாற்றம் என் தலைமுடியில் இரண்டு நாள் இருந்தது. அண்ணன் கடைசிவரை நின்று பார்த்தான். பிறகு பாடகர் குழுவில் அவன் பாடவே இல்லை. உங்கள் மகன் மூன்று நாளாகப் பேசவில்லை என்கிறீர்கள். என் அண்ணன் அப்பாவிடம் நான்கு வருடம் பேசவில்லை.

நீங்கள் கேட்ட அமெரிக்க வழக்குக்கு வருகிறேன். இதை அவசரமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1985 டிசம்பர் 23, நெவாடா மாநிலம், ரீனோவை அடுத்த ஸ்பார்க்ஸ். 18, 20 வயது இளைஞர்கள் இருவர் பீரும் கஞ்சாவுமாக ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 1978ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஓர் ஆலயத்தின் விளையாட்டுத் திடலுக்குப் போய்ச் சுட்டுக்கொண்டார்கள். ஒருவர் அங்கேயே இறந்தார். மற்றவர் முகம் சிதைந்து உயிர்பிழைத்து, 1988இல் இறந்தார். குடும்பத்தார் முதலில் பாடல் வரிகளின் மேல்தான் குற்றம் சாட்டினார்கள். ஆனால் அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் பாடல் வரிகளைக் காக்கிறது. வெளிப்படையான சொல்லை வைத்து வழக்கில் நிற்க முடியாது என்றானபோதுதான் மறைந்திருக்கும் சொல் வந்தது. இதைக் கவனியுங்கள். அந்தச் சொல்லை இசைத்தட்டில் தேட வைத்தது சட்டத்தின் தேவை. ‘டூ இட்’, அதாவது ‘செய்துவிடு’, என்ற இரண்டு அசைகள் ஒரு பாட்டின் அடியில் ஒலிப்பதாகச் சொன்னார்கள்.

மனம் அறியாமல் புகுத்தப்படும் சொல்லுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று நீதிபதி ஜெரி கார் வைட்ஹெட் முடிவு செய்ததால் 1990 கோடையில் விசாரணை நடந்தது. மூல ஒலிநாடா, ஒவ்வொரு தடமாகப் பிரித்து ஆராயப்பட்டது. பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் தன் பாட்டைத் தானே தலைகீழாக ஓட்டிப் பார்த்து, ‘அம்மா, என் நாற்காலி உடைந்துவிட்டது’ என்று கேட்கிறது பாருங்கள் என்று நீதிமன்றத்தில் காட்டினார். அண்ணனுடைய மாமியும் மாடும்தான். ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு வந்தது. பாடகர் மூச்சை வெளியே விடும் ஒலியும் ஒரு கிட்டார் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்ததுதான் அந்த ‘டூ இட்’. யாரும் வேண்டுமென்று வைத்ததல்ல.

ஆனால் அதே விசாரணையில் அந்த இளைஞர்களைப் பற்றி வேறொன்றும் வெளியே வந்தது. அடி உதை, வீட்டில் குடி, பாதியில் நின்ற படிப்பு, நிலைக்காத வேலை. இதெல்லாம் எந்த நாடாவிலும் மறைந்திருக்கவில்லை. வருடக்கணக்காக எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மகன் ஏன் போனான் என்று தெரியாமல் உயிரோடிருப்பதைவிட, ஓர் இசைத்தட்டில் காரணம் இருக்கிறது என்று நம்புவது அவர்களுக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். என் கோபம் அவர்கள்மேல் இல்லை. பெரியவர்களின் இந்தப் பழக்கத்தின்மேல்தான். பிள்ளை நேராக, நம் முகத்தைப் பார்த்து, நம் மொழியில் சொல்வது காதில் ஏறாது. ஒரு பாட்டைத் தலைகீழாக்கி ஒவ்வொரு நொடியாக நிறுத்தி நிறுத்திக் கேட்க மட்டும் நமக்குப் பொறுமை இருக்கிறது.

நார்வேயில் 1990களின் தொடக்கத்தில் பிளாக் மெட்டல் என்ற மெட்டல் வகையின் கலைஞர்கள் சிலர் ஆலயங்களை எரித்துச் சிறைக்கும் போனார்கள் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கேளுங்கள், அது நடந்ததுதான். அவர்கள் தங்கள் வெறுப்பை எங்கும் ஒளித்துவைக்கவில்லை. பேட்டியிலேயே சொன்னார்கள். உங்கள் மகன் கேட்கும் பாட்டில் வெறுப்பு இருந்தால் அது நேராகவே கேட்கும். அதைப் பற்றி அவனிடம் சண்டை போடுங்கள். அதற்கு முதலில் நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் செய்தது தவறு. தூங்குகிற பிள்ளையின் தலைமாட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தது திருட்டு. போய் மன்னிப்புக் கேளுங்கள். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று தொடங்காதீர்கள். அவன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, பழைய நண்பர்களோடு பழகுகிறானா, வாழ்வதில் பொருளில்லை என்பதுபோல ஏதும் பேசுகிறானா என்று பாருங்கள். அப்படி ஏதும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சபைக்காரரின் காணொளிக்குக் காத்திருக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். அவன் வயது, அவன் கேட்கும் இசை, அவன் பேசாதது. அவன் சொன்னதாக ஒரு சொல்கூட இல்லை.

அப்பா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது, காது மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் பிற்பகல், எந்தப் பேச்சும் இல்லாமல், ‘அன்று எரித்தோமே, அதில் அந்தப் படிக்கட்டுப் பாட்டு உன்னிடம் இருக்கிறதா?’ என்று கேட்டார். கைப்பேசியில் ஓட்டி அவர் தலையணை அருகில் வைத்தேன். எட்டு நிமிடம். வலது கை போர்வையின்மேல் தாளம் போட ஆரம்பித்து, வேகம் கூடிய இடத்தில் நின்றுவிட்டது. முடிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘தொடக்கத்தில் வருவது மரக்குழல். ஒன்றுக்கு மேல் இருக்கிறது. யார் வாசிப்பது?’ என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு அண்ணனுக்குப் போன் செய்து கேட்டேன். ஜான் பால் ஜோன்ஸ் என்று உடனே சொன்னான். எதற்குக் கேட்கிறாய் என்றான். சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

‘அப்பாவா கேட்டார்?’ என்றான்.