உதவித்தொகை எதுவும் வராது, கைக்காசுதான்: எந்த காலேஜ்ல சேக்கலாம்?

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். ஸ்காலர்ஷிப்புக்கு தகுதி இல்ல, சம்பளம் ஒண்ணும் பெருசா இல்ல, முழுசா நாமளே கட்டணும், எங்க சேத்தா கட்டுற காசுக்கு பிரயோஜனம் இருக்கும்? 22 வருஷம் இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுத்தவங்கற முறையில எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: வணக்கம் மேடம். நாங்க உசிலம்பட்டி பக்கம். நான் ஒரு கம்பெனில அக்கவுண்டன்ட். தபால்ல பி.காம் முடிச்சதால பொண்ணுக்கு முதல் பட்டதாரி சலுகை இல்லன்னுட்டாங்க. மெட்ரிக்ல படிச்சா, அதனால அரசு பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடும் இல்ல, புதுமைப்பெண் 1,000 ரூபாயும் இல்ல. வருமானம் ரெண்டரை லட்சத்த தாண்டுதுன்னு பி.சி. ஸ்காலர்ஷிப்பும் போச்சு. கட் ஆஃப் 174. சென்னை பக்கம் ஒரு காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் தர்றோம், வருஷம் 2.25 லட்சம், டொனேஷன் 3 லட்சம், இந்த வாரமே அட்வான்ஸ் குடுங்கன்னு ஒரு ஏஜென்ட் தினமும் ஃபோன் பண்றார். கவுன்சலிங்ல போனா போன வருஷ லிஸ்ட்படி அரசு காலேஜ்ல ட்ரிபிள் இ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) கிடைக்கும் போல. பொண்ணு கம்ப்யூட்டர்தான் வேணுங்கறா. பி.எஃப். பணத்த எடுக்கலாமான்னு யோசிக்கிறேன்.

பதில்: சார், மொதல்ல அந்த பி.எஃப். பணத்துல கை வைக்காதீங்க, அப்புறம் ஏஜென்ட் நம்பர பிளாக் பண்ணுங்க. டொனேஷன் வாங்கறது 1992லேயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டு தடுத்தது, அந்த 3 லட்சத்துக்கு உங்களுக்கு ரசீது வராது, ரசீது இல்லன்னா நாளைக்கு பொண்ணுக்கு அங்க பிடிக்கலன்னாலும் ஒரு ரூபா திரும்ப கேக்க வழியில்ல.

இப்ப கணக்கு போடுவோம். 2.25 லட்சம் நாலு வருஷத்துக்கு 9 லட்சம், டொனேஷன் 3, ஹாஸ்டல் வருஷம் 1.1 லட்சம்னா 4.4, மொத்தம் 16.4 லட்சம். இதுல யூனிஃபார்ம், ட்ரெய்னிங் ஃபீஸ், செமஸ்டர் லீவுக்கு சென்னைலேருந்து வந்து போற செலவு எதுவும் சேக்கல. அரசு காலேஜ்ல டியூஷன் ஃபீஸ் ஆயிரக்கணக்குலதான் இருக்கும். ஹாஸ்டல் மெஸ் பெரும்பாலும் டிவைடிங் சிஸ்டம், அந்த மாசம் ஆன செலவ பசங்க தலைக்கு பிரிச்சுப்பாங்க. எல்லாம் சேத்து வருஷம் 60, 65 ஆயிரத்துக்குள்ள சமாளிக்கலாம், நாலு வருஷத்துக்கு ரெண்டரை லட்சம். வித்தியாசம் கிட்டத்தட்ட 14 லட்சம். அது உங்க பி.எஃப்., உங்க வீட்டம்மாவோட நகை.

இந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு வழி இருக்கு, அத ஏஜென்ட் சொல்லவே மாட்டார். சுயநிதி காலேஜ் ஒவ்வொண்ணும் 65 சதவீத சீட்ட கவுன்சலிங்குக்கு விடணும், சிறுபான்மை காலேஜ்னா 50 சதவீதம். கவுன்சலிங்ல வந்தா டியூஷன் ஃபீஸ் வருஷம் 50,000, அந்த பிரான்ச்சுக்கு என்.பி.ஏ.ங்கற தேசிய தர வாரியத்தோட அங்கீகாரம் இருந்தா 55,000ன்னு கட்டண நிர்ணயக் குழு வச்சு ரொம்ப வருஷமா அதுதான் ஓடிட்டிருந்துச்சு, இந்த வருஷம் மாத்தியிருக்காங்களான்னு மட்டும் பாத்துக்கங்க. மேனேஜ்மென்ட் சீட்டுக்கே அந்த குழு வச்சது 85,000, 87,000தான். அப்ப 2.25 லட்சம் எங்கேருந்து வந்துச்சு? நான் பாடம் எடுத்த கிளாஸ்ல 60 பேர் இருப்பாங்க, யாரு கவுன்சலிங், யாரு மேனேஜ்மென்ட்னு எனக்கே தெரியாது, ஒரே பெஞ்சு, ஒரே லேப், ஒரே டிகிரி. பக்கத்து பக்கத்துல உக்காந்திருந்த ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தி அப்பா 3 லட்சத்துக்குள்ள முடிச்சார், இன்னொருத்தி அப்பா வயக்காட்ட வித்து 11 லட்சம் கட்டினார். ரெண்டு பேரும் ஒரே ஐ.டி. கம்பெனிக்கு ஒரே சம்பளத்துக்கு போனாங்க. அத பாத்ததுலேருந்துதான் நான் இத எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.

மதுரைய சுத்தியே பாருங்க சார். வீட்லேருந்து பஸ்ல போய் வந்தா ஹாஸ்டல் காசு மிச்சம். தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ் அரசு உதவி பெறுற காலேஜ், கோயம்புத்தூர்ல பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி. மாதிரி. ஆனா இதுல ஒண்ணு கவனிக்கணும், இந்த மாதிரி காலேஜ்ல எல்லா பிரான்ச்சும் உதவி பெறுறது இல்ல. சாய்ஸ் ஃபில்லிங்ல, அதாவது கவுன்சலிங்குக்கு காலேஜ் விருப்பத்த வரிசையா பதியறப்ப, பிரான்ச் பேர் பக்கத்துல எஸ்.எஸ்.னு போட்டிருந்தா அது சுயநிதி பிரிவு, ஃபீஸ் ஏறிடும். 174க்கு அங்க உதவி பெறுற பிரிவு கிடைக்கறது கஷ்டம்தான், ஆனா லிஸ்ட்ல மேல போட்டு வைக்கறதுக்கு காசு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு நிஜமா கைக்கு எட்டுறது காரைக்குடி அழகப்பா, திருநெல்வேலி, போடி, இந்த அரசு காலேஜ்ங்க. சேலம், பர்கூர், ஈரோடும் போட்டு வைங்க. சீட் வந்தாலும் அத ஏத்துக்கிட்டு மேல உள்ளதுக்கும் காத்திருக்கற அக்செப்ட் அண்ட் அப்வர்ட் குடுத்தீங்கன்னா, உங்க லிஸ்ட்ல மேல இருக்கறது காலியானா தானா மாறும்.

பொண்ணு கம்ப்யூட்டர் கேக்கறது தப்பே இல்ல, அவள திட்டாதீங்க. ஆனா ட்ரிபிள் இ படிச்சவங்களையும் பெரிய ஐ.டி. கம்பெனிங்க எடுக்கறாங்க, அவங்க பாக்கறது அரியர் இல்லாம இருக்கா, புரோகிராமிங் தெரியுதா, பேச வருதா. கூடவே மின்வாரிய ஏ.இ. (உதவிப் பொறியாளர்) பரீட்சை, கேட் நுழைவுத்தேர்வு எழுதி பொதுத்துறை வேலை, இதெல்லாம் ட்ரிபிள் இ-க்கு கூடுதலா திறந்திருக்கற கதவு. அவ மனசு ஒத்துக்கலன்னா, பஸ்ல போற தூரத்துல நல்ல சுயநிதி காலேஜ்ல கவுன்சலிங் வழியாவே கம்ப்யூட்டர் போடுங்க. மேனேஜ்மென்ட் மட்டும் வேண்டாம்.

அந்த நல்ல சுயநிதி காலேஜ கண்டுபிடிக்கறதுக்கு ஒரு நாள் செலவு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, ஒரு செவ்வாயோ புதனோ மத்தியானம் ரெண்டு மணிக்கு பொண்ணயும் கூட்டிட்டு போங்க. அட்மிஷன் ஆபீஸ்ல ஏ.சி. போட்டு ஜூஸ் குடுப்பாங்க, அங்க உக்காந்தா ஒண்ணும் தெரியாது. லைப்ரரி பாக்கணும்னு சொல்லுங்க. பாடப் புத்தகம் நாலஞ்ச எடுத்து கடைசி பக்கத்துல ஒட்டியிருக்கற டியூ டேட் சிலிப்ப பாருங்க. நான் ஒரு தடவ சொந்தக்கார பையனுக்காக ஒரு காலேஜுக்கு போனப்ப எடுத்த அஞ்சு புக்ல நாலுல ஒரு சீல் கூட இல்ல, புது புக் வாசனை அப்படியே இருந்துச்சு, அஞ்சாவதுல கடைசி தேதி மூணு வருஷம் முன்னாடி. லேப்ல மின் அலைய திரையில காட்டுற சி.ஆர்.ஓ. கருவி மேல பிளாஸ்டிக் கவர் பிரிக்காமலேயே இருந்துச்சு. அங்கேருந்து பையன கூட்டிட்டு வந்துட்டேன். லைப்ரரில கம்ப்யூட்டர்ல என்ட்ரி போடறாங்கன்னா, போன மாசம் எத்தன புக் வெளிய போச்சுன்னு லைப்ரரியன்கிட்ட கேளுங்க, நல்ல லைப்ரரியன் சந்தோஷமா காட்டுவார்.

வாத்தியார்ங்க விஷயம் அதவிட முக்கியம். 2024ல அண்ணா பல்கலைக்கழக இணைப்பு காலேஜ்கள்ல ஒரே ஆசிரியர் பேரு பல காலேஜ் கணக்குல இருந்தது வெளிய வந்து பெரிய பிரச்சனை ஆச்சு, ஞாபகம் இருக்கும். அதே சமயம் ஒரு பிரான்ச்சுக்கு இவ்வளவு சீட்தான்னு இருந்த உச்சவரம்ப ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) எடுத்ததும் பல காலேஜ் கம்ப்யூட்டர் சீட்ட மளமளன்னு ஏத்திடுச்சு. 20 பசங்களுக்கு ஒரு ஆசிரியர்ங்கறது கணக்கு. அதனால வெப்சைட்ல இருக்கற ஃபேகல்டி லிஸ்ட்ட பிரிண்ட் எடுத்துட்டு போய், மூணாவது வருஷ பசங்க ரெண்டு பேர்கிட்ட காட்டி இவங்கள்ல யாரு உங்களுக்கு கிளாஸ் எடுக்கறாங்கன்னு கேளுங்க. காலேஜ் கேட்டுக்கு வெளிய டீக்கடைல கேளுங்க, உள்ள கேட்டா பயப்படுவாங்க.

என்.பி.ஏ.னு போர்டுல பெருசா போட்டிருந்தா எந்த பிரான்ச்சுக்கு, எந்த வருஷம் வரைக்கும்னு என்.பி.ஏ. வெப்சைட்லயே பாத்துக்கங்க, மெக்கானிக்கலுக்கு வாங்கினத கம்ப்யூட்டருக்கும் சேத்து சொல்ற இடம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுற தேர்ச்சி சதவீதத்தையும் பாருங்க. ஆட்டோனமஸ் காலேஜ்னா கொஸ்டின் பேப்பர் அவங்களே போடறதால அந்த சதவீதத்த மத்த காலேஜோட ஒப்பிட முடியாது.

கேள்வி: மேடம், நான் திருச்சில ஜவுளிக்கடைல வேலை பாக்கறேன். பையனுக்கு பி.காம். ஒரே காலேஜ்ல ஒரு லிஸ்ட்ல ஃபீஸ் ரொம்ப கம்மியா இருக்கு, இன்னொண்ணுல வருஷம் 40,000க்கு மேல சொல்றாங்க. ஏன் இப்படி?

பதில்: அம்மா, கம்மியா இருக்கறது எய்டட், அதுல வாத்தியார் சம்பளம் அரசாங்கம் குடுக்குது. இன்னொண்ணு செல்ஃப் ஃபைனான்ஸ், சில எடத்துல ஷிஃப்ட் டூன்னு சொல்வாங்க, அதுல எல்லா செலவும் உங்க ஃபீஸ்லேருந்துதான். கடைசில கைக்கு வர்றது ஒரே யுனிவர்சிட்டி பட்டம். ரெண்டுக்கும் விண்ணப்பம் போடுங்க. எய்டட்ல மொத லிஸ்ட்ல பேர் வரலன்னா விட்ராதீங்க, இன்ஜினியரிங் கவுன்சலிங் நடக்கறப்ப நல்ல மார்க் எடுத்த பசங்க டி.சி. வாங்கிட்டு போவாங்க, அப்ப எய்டட்ல எடம் காலியாகும். வாரம் ஒரு தடவ ஆபீஸ்ல போய் நேர்ல கேளுங்க, ஃபோன்ல கேட்டா இல்லன்னுதான் வரும். அரசு கலைக் கல்லூரிக்கும் ஆன்லைன்ல போட்டு வைங்க, விண்ணப்பம் 50 ரூபாதான். அங்க கட்டடம் பழசா இருக்கும், ஆனா நிரந்தர வேலைல இருக்கற சீனியர் ஆசிரியர்ங்க இருப்பாங்க. மிச்சமாகுற காசுல பையன் டேலி, டைப்ரைட்டிங், சி.ஏ. ஃபவுண்டேஷன்னு எதாவது ஒண்ண கூடவே படிக்கட்டும்.

கேள்வி: ஒரு காலேஜ் 100 சதவீத பிளேஸ்மென்ட்னு ஃபிளெக்ஸ் வச்சிருக்காங்க, நம்பலாமா மேம்?

பதில்: எதுல நூறு சதவீதம்னு கேளு தம்பி. பொதுவா எலிஜிபிள் ஆனவங்கள்ல நூறுன்னு சொல்வாங்க. அரியர் இருக்கறவன், 60 சதவீதத்துக்கு கீழ எடுத்தவன், பேர் குடுக்காதவன் எல்லாரையும் கழிச்சுட்டு மிச்சம் இருக்கறவங்கதான் அந்த எலிஜிபிள். ஒரே பையன் மூணு ஆஃபர் வாங்கினா மூணா எண்றதும் நடக்கும். நீ கேக்க வேண்டியது, போன வருஷம் இந்த பிரான்ச்ல மொத்தம் எத்தன பேர் முடிச்சாங்க, எத்தன பேர் நிஜமா வேலைல போய் சேந்தாங்க, வரிசையா நிக்க வச்சா நடுவுல நிக்கறவனுக்கு என்ன சம்பளம். பெரிய பேக்கேஜ் வாங்கின ஒரு பையன் ஃபோட்டோவ வச்சு உன் அப்பா காசு கட்டக்கூடாது.

கேள்வி: சுயநிதி காலேஜ்ல சேத்துட்டு 6 லட்சம் எஜுகேஷன் லோன் போடலாம்னு இருக்கோம். சரியா?

பதில்: போடலாம், ஆனா இப்பவே இ.எம்.ஐ. கணக்கு பாத்துட்டு போடுங்க. வருஷம் ஒன்றரை லட்சமா நாலு தடவ வாங்குறீங்க, வட்டி 10 சதவீதம்னு வச்சுக்குவோம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேண்டாம்பாங்க, ஆனா வட்டி ஓடிட்டேதான் இருக்கும். தனி வட்டி போட்டாலே கட்ட ஆரம்பிக்கறப்ப 6 லட்சம் 8.1 லட்சமா நிக்கும், 10 வருஷத்துல அடைக்க மாசம் சுமார் 10,700. மொத சம்பளம் 22,000னா பாதி அதுலயே போயிடும், பிள்ளை பெங்களூருல வாடகை குடுத்துட்டு எத சாப்பிடும்? முடிஞ்சா படிக்கறப்பவே மாசா மாசம் வட்டிய மட்டும் கட்டிட்டு வாங்க, 6 லட்சம் 6 லட்சமாவே நிக்கும். ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்கக்கூடாது, மேனேஜர் கேட்டா எழுதிக் குடுங்கன்னு சொல்லுங்க. பி.எம். வித்யாலக்ஷ்மிங்கற மத்திய அரசு கல்விக் கடன் திட்டத்துல குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா 3 சதவீத வட்டி சலுகை கேட்டு பாக்கலாம், ஆனா அவங்க லிஸ்ட்ல இருக்கற காலேஜ்னாதான். உங்க காலேஜ் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு சேர்றதுக்கு முன்னாடியே பாருங்க.

கேள்வி: அவசரப்பட்டு ஒரு தனியார் காலேஜ்ல 25,000 கட்டி ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட் எல்லாம் குடுத்துட்டோம். இப்ப கவுன்சலிங்ல அரசு காலேஜ் கிடைச்சிருக்கு. சர்டிஃபிகேட்ட திருப்பி தர முழு வருஷ ஃபீஸும் கேக்கறாங்க. என்ன பண்றது?

பதில்: கட்டாதீங்க. எங்க அண்ணன் பையனுக்கும் இதேதான் நடந்துச்சு, ஒரு காலேஜ்ல ஒன்பது நாள் வாசல்ல உக்கார வச்சாங்க, அண்ணி அழுதுட்டே ஃபோன் பண்ணினது இன்னும் காதுல இருக்கு. ஒரிஜினல பிடிச்சு வைக்க காலேஜுக்கு உரிமையே கிடையாது, சரிபாத்துட்டு திருப்பி குடுக்கணும்னு ஏ.ஐ.சி.டி.இ. விதி தெளிவா சொல்லுது. கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி விலகினா 1,000 ரூபாய்க்கு மேல பிடிக்காம மிச்சத்த திருப்பி தரணும். வாய்ல சண்டை போடாதீங்க. இன்னைக்கே ஒரு வெள்ளைத்தாள்ல, இந்த தேதில விலகறோம், ஒரிஜினலும் பணமும் திருப்பி வேணும்னு எழுதி, கட்டின ரசீது ஜெராக்ஸ் சேத்து பிரின்சிபாலுக்கு குடுங்க. அதே லெட்டர ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க, காப்பி தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் போகட்டும், கீழ காப்பி யாருக்கெல்லாம்னு எழுதுறதே பாதி வேலைய முடிக்கும். எங்க பையனுக்கு பத்தாவது நாள் காலைல சர்டிஃபிகேட் கைக்கு வந்துச்சு. அரசு காலேஜ்ல ரிப்போர்ட் பண்ற கடைசி தேதி தாண்டிட கூடாது, அதனால அங்க மொதல்ல போய் நிலைமைய சொல்லி ஒரு அண்டர்டேக்கிங் (உறுதிமொழிக் கடிதம்) குடுத்து டைம் கேட்டு வைங்க. நீங்க குடுக்கற லெட்டரோட இன்னொரு காப்பில ஆபீஸ் சீலும் தேதியும் போட்டு வாங்காம அந்த காலேஜ விட்டு வெளிய வராதீங்க.